கருப்பட்டியோடு கேமரா வாங்கப் போனவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள். அவர் தாளைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மை கொஞ்சம் நீலம் அடிக்குது தங்கச்சி, இது கறுப்பு இல்ல" என்பார். நான் மாங்கு மாங்கென்று எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு எதற்கு?

பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது அடுத்த வீடு அவருடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அடிப்பவர் இல்லை; அடித்து வந்ததைப் பார்ப்பவர். கையில் ஒரு மாதிரித் தகடு இருக்கும். அந்தத் தகட்டின் நிறமும் வந்த பாகத்தின் நிறமும் ஒன்றாக இருந்தால் பாஸ். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். நாள் முழுக்க இதே வேலையாக இருந்தால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகுமோ அதுதான் அவருக்கும் ஆகியிருந்தது.

முனைக்கடையில் டீயை வாங்கினால் முதலில் குடிக்கமாட்டார். கிளாஸை வெயிலுக்கு நேராகப் பிடிப்பார். "நேத்து வந்த கலர் இன்னிக்கு வர்ல நைனா" என்று திருப்பிக் கொடுப்பார். டீ மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொன்று போடுவார். சாம்பாரில் மஞ்சள் ஏறிவிட்டது என்று சாப்பிடும் முன்பே கண்டுபிடிப்பார். கலரை வைத்தே இட்லி மாவு புளித்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார். அது தவறு. மாவு நன்றாகத்தான் இருந்தது, நாங்கள் சாப்பிட்டோம்.

வீட்டு முன்சுவருக்கு இளம்பச்சை அடிக்க ஆள் வைத்தார். அடித்து முடித்ததும் காலையில் பார்த்தார், மத்தியானம் பார்த்தார், சாயங்காலம் பார்த்தார். "மத்தியானத்துல இது பச்சையே இல்லப்பா" என்றார். மறுபடி அடித்தான். மறுபடியும் அதே கதை. அதற்கடுத்த நாள் அந்தப் பெயின்டர் வரவேயில்லை, ஏணியைக்கூட எடுக்க வரவில்லை. கேபிள் வயர் அறுந்தால், தென்னை மட்டை விழுகிற மாதிரி தொங்கினால், எங்கள் தெருவுக்கே பிறகு அந்த ஏணிதான் உதவியது.

ஆனால் தெருப் பெண்களுக்கு அவரைப் போல ஓர் உபகாரி கிடையாது. புடவை வாங்கினால் அதற்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுப்பது எவ்வளவு பெரிய ரோதனை என்று புடவை கட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். முந்தானை ஓரத்தில் ஒரு நூல் பிரித்து அவரிடம் கொடுத்துவிட்டால் போதும். வேலை விட்டு வரும் வழியில் ஆவடி மார்க்கெட்டில் இறங்கி, மேட்சிங் கடைக்குள் போய், துணிக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்துவிடுவார். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவருவார். "டியூப் லைட்ட நம்பாத தங்கச்சி. அது ஆளுக்கு ஒண்ணு சொல்லும்" என்று எனக்கு அடிக்கடி பாடம் எடுத்திருக்கிறார்.

என் தம்பி கல்யாணத்துக்குக் கடுகு நிறத்தில் ஒரு பட்டு எடுத்திருந்தேன். மேட்சிங் எடுத்துவரச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரைக்கும் ஒரு துணியும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் வீட்டில் கிடந்த ஏதோ தங்கக்கலர் பிளவுஸைப் போட்டுக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து கேட்டால், "அது கடுகு கலரே இல்லம்மா. கடுக அரைச்சா வருமே, அந்தக் கலரு. கடைல எப்டி கிடைக்கும்?" என்றார். என்ன செய்வது, திட்டவா முடியும்? சிரித்துத் தொலைத்தேன்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நெமிலிச்சேரிப் பக்கத்துப் பெண். நல்ல கறுப்பு. கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாய் என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால், "கறுப்புன்னு சொல்ட்டு நிறுத்து. களைய நான் அப்பால பாத்துக்கறேன்" என்று வாயை அடைத்துவிடுவார். தண்ணீர் லாரி வந்தால் தெருவே அண்ணியின் குரலுக்குக் கட்டுப்பட்டு வரிசையில் நிற்கும். அப்படிப்பட்டவர் ஒன்றுக்கு மட்டும் பயப்படுவார். போட்டோ.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருந்தது. முதலில் பார்த்தபோது எனக்கே குழப்பமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை இவர்தான், சந்தேகமில்லை. பக்கத்தில் நிற்கும் பெண்ணின் முகம் மாவு பூசியது போல வெளுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே கைகள் மட்டும் அண்ணியுடையவை. ஸ்டுடியோக்காரர் நல்லது செய்வதாக நினைத்து முகத்தை வெளுக்க வைத்திருக்கிறார், கையை மறந்துவிட்டார்.

"மூஞ்சி ஒருத்தியது, கையி ஒருத்தியது" என்று அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எங்க மாமியா இத்த பாத்துட்டு, பொண்ணு போட்டோல மட்டும் சோக்கா கீதுன்னுச்சு. வர்றவங்க எல்லாரும் இந்த மூஞ்சியப் பாத்து நல்லாகீதுன்னாங்க. ஒரு பொடிசு வந்து, இது இவரோட மொத சம்சாரமான்னு கேட்டுச்சு. அன்னிலேர்ந்து நான் போட்டோக்கு நிக்கறதில்ல." தன் வீட்டுச் சுவரிலேயே வேறு ஒருத்தி தொங்கி, அவளைத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எடுத்த படம் எதிலும் அண்ணி இல்லை. மகளுக்குக் காது குத்தியபோது, "அடுப்புல பால் கீது" என்று உள்ளே போனவர் படமெடுத்து முடிந்த பிறகுதான் வந்தார். பள்ளிக்கூட ஆண்டு விழா, வீட்டுக்குப் புதுக்கதவு போட்டது, திருத்தணிக்குப் போனது எல்லாவற்றிலும் அப்பாவும் மகளும்தான். கைபேசி வந்த பிறகு இன்னும் மோசம். அதில் முகத்தைத் தானாகவே வழவழப்பாக்கி வெளுக்க வைக்கும் வசதி வந்துவிட்டதே. மகள் ஒருமுறை தூரத்திலிருந்து அண்ணியை எடுத்துக் காட்டினாள். அண்ணி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாருடி இவ, பவுடர் கம்பெனிக்காரியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இந்த விவகாரம் முற்றிவிட்டது. "மேடையில நிப்பேன், சடங்கு எல்லாம் செய்வேன். போட்டோ எடுக்கறப்போ மட்டும் கூப்டாத" என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அழுத அழுகை எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்டது. "அம்மா இல்லாத ஆல்பத்த வச்சுகினு நான் இன்னா பண்றது? நாளைக்கு அந்த ஊட்ல உக்காந்துகினு உன்னப் பாக்கணும்னு தோணுச்சுன்னா எத்த பாக்கறது? எனக்குப் போட்டோவே வேணாம், விடு." அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே போய், "உங்கம்மாவ உங்கம்மாவா காட்ற கேமரா ஒண்ணுகூடவா இந்த மெட்ராஸ்ல இருக்காது? நான் கொண்டாறேன், அழாத" என்றார்.

இப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியாருக்குக் கேமரா பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் கேட்டவை எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. நீளமான குழாய் வைத்த பெரிய கேமராவைக் கண்டால் அண்ணி கொல்லைப்பக்கம் ஓடிவிடுவார், ஆகவே சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் தெளிவாக எடுக்க வேண்டும். முகத்தில் கைவைக்கவே கூடாது. இதையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னேன். "சின்னதா, உள்ளே பெரிய கேமராவோட சரக்கு வச்ச மாதிரி சிலது இருக்கு மேடம். விலையைக் கேட்டா உங்க அண்ணன் மயங்கி விழுந்துடுவார்" என்றார். அவர் மயங்கவில்லை. "பொண்ணு கல்யாணத்துல சோத்துக்குச் செலவு பண்றோம், பந்தலுக்குச் செலவு பண்றோம். இதுக்குப் பண்ணா இன்னா?" என்றதோடு விலைப் பேச்சு முடிந்தது. அண்ணிக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார்.

முதல் கடை அம்பத்தூர் ஓ.டி. பக்கம். கழுத்தில் டை கட்டிய பையன் ஒருவன் ஒரு குட்டிக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு சென்சார், லென்ஸ், ஜூம் என்று அடுக்கிக்கொண்டே போனான். இவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கண்ணாடி மேசைமேல் ஒரு கருப்பட்டித் துண்டை வைத்தார்.

"இத்த ஒரு போட்டோ எடு."

"சார், இது..."

"கருப்பட்டிப்பா. எடு."

பையன் என்னைப் பார்த்தான். எனக்கும் ஒன்றும் தெரியாது, நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவன் எடுத்துக் காட்டினான். இவர் கேமராவையும் கருப்பட்டியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"நான் கருப்பட்டி குடுத்தேன். நீ வெல்லமாக்கித் தர்றியே."

"சார், நல்லா பிரைட்டா வந்திருக்கே சார்."

"அதான்பா ரோதனையே" என்று பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது என்ன அண்ணே இதெல்லாம் என்று கேட்டேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "உங்க அண்ணி கலரும்மா அது. பொண்ணு பாக்கப் போனப்ப சுக்குக் காப்பி கொண்டாந்து குடுத்தா. தட்டுல கடிச்சிக்கறதுக்குக் கருப்பட்டி வெச்சிருந்தா. கையும் கருப்பட்டியும் ஒரே கலரு. மேட்சிங்னா அதான் மேட்சிங்கு. மூஞ்சியக்கூட நான் அப்பால தான் பாத்தேன்" என்றார். இதைக் கேட்டுவிட்டு அந்த மனுஷன்மேல் எப்படிக் கோபப்படுவது? வண்டியைக் கிளப்பினேன்.

இரண்டாவது கடை ஆவடியில். அங்கே எடுத்த படம் கருப்பட்டியைச் செங்கல் ஆக்கிவிட்டது. இன்னொரு கேமரா சாக்லேட் ஆக்கியது. மூன்றாவதை எடுத்துப் பார்க்கும்போது கடைக்காரர் பின்வாங்கினார். பையிலிருந்த துண்டைத் தேடி எறும்புகள் வந்துவிட்டிருந்தன. ஒன்று அவர் சட்டையிலிருந்து இறங்கி, கேமராவின் பின்பக்கக் கண்ணாடிமேல் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. "உள்ள பூந்துடப் போவுது சார், தயவு செஞ்சு இனிமே இங்க வராதீங்க" என்று கடைக்காரர் கும்பிட்டார். நான் வெளியே வந்து சிரிப்பை அடக்க முடியாமல் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே அண்ணி என்னைப் பிடித்துவிட்டார். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். கைப்பிடிச் சுவரைத் தாண்டி அவர் குரல் வந்தது.

"தபாரு, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். உங்க அண்ணனுக்கு சக்கர வியாதி. நான் வேளா வேளைக்கு மாத்திர குடுத்துகினு கீறேன். அந்தாளு ஜோபில கருப்பட்டி வெச்சுகினு திரியுது. சட்டையெல்லாம் எறும்பு. உன் வண்டில தான போவுது. எங்க போய்த் துண்ணுது?"

சொல்லாதே என்று அவர் சொன்னதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றால் பொய் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெண் பார்த்த கதை உட்பட. அண்ணி கையிலிருந்த போர்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டார். வசமாக மாட்டிவிட்டோமே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவர் அப்போதுதான் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணி அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தார். கேட்டுக்கு வெளியே நல்ல மாலை வெயில். அங்கே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, தன் முன்கைமேல் கருப்பட்டியை வைத்து நீட்டினார்.

"பாரு. கலர் பாக்கற ஆளு தான நீ. இது இன்னா கலரு, நான் இன்னா கலரு?"

அவர் குனிந்து பார்த்தார். கையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கருப்பட்டியை எடுத்துக் கன்னத்தருகே கொண்டுபோனார். எனக்கே தெரிந்தது, இரண்டும் ஒட்டவேயில்லை. கருப்பட்டி ஒரு மாதிரி செம்மை ஓடிய கறுப்பு. அண்ணி அதைவிட மென்மையான கறுப்பு, அதில் சிவப்பே கிடையாது. அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாதிரித் தகடு பழசாப் போச்சுன்னா கலர் மாறிடும், வருசா வருசம் புதுசு மாத்தணும்னு கம்பெனில பசங்களுக்கு நான்தான் சொல்றேன்" என்றார். "பொண்ணு பாக்கப்போன அன்னிக்குப் புடிச்ச மாதிரிய வெச்சுகினு இன்னிக்கும் பாத்துகினு கீறேன். மாத்தவே இல்ல."

"இன்னாத்த மாத்தப்போற?" என்றார் அண்ணி, குரலில் சூடு ஏற.

"மாதிரியத்தான்மே."

"அதான பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கருப்பட்டியைப் படியில் வைத்தார். பிறகு நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். "ஒரிஜினலு ஊட்லயே கீறப்போ மாதிரி எதுக்கு? நீ கடைக்கு வந்துரு. உன்ன வெச்சுப் பாத்துரலாம்."

அண்ணி முகம் மாறியது. "கடைல என்னப் போட்டோ புடிப்பாங்களா?"

"புடிப்பாங்க. நல்லா இல்லன்னா அழிச்சிடச் சொல்றேன். அந்தக் கேமராவும் நமக்கு வேணாம்."

உள்ளே மகள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வரேன்" என்றார் கடைசியில். "எனக்குப் பதிலா ஒரு கருப்பட்டி போய் நின்னுச்சுன்னு நாளைக்கு எவளும் சொல்லக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் குமணன்சாவடிக்குப் போனோம். வழி முழுக்க அண்ணி முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தார். கடையில் இருந்தது ஒரு சின்னப் பெண். அவளும் நல்ல கறுப்பு. முதலில் காட்டிய கேமராவில் அண்ணியை எடுத்தாள். அண்ணி லென்ஸைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். படத்தைக் காட்டியதும், "இவ எங்க ஊட்டு சொவத்துல தொங்கறவ. இங்கயும் வந்துட்டாளா?" என்று திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்று அந்தப் பெண் கையைப் பிடித்தாள். "கேமராவுக்குக் கறுப்பைப் பாத்தா இருட்டுன்னு நெனப்பு. அதுவா வெளிச்சத்த ஏத்திடும். என்னையும் அப்படித்தான் பண்ணும்." கண்ணாடி அலமாரியின் அடித்தட்டிலிருந்து கறுப்பாக ஒரு சின்னக் கேமராவை எடுத்தாள். மேலே ஒரு குட்டிச் சக்கரம். "இத்த இப்படி மைனஸ் பக்கம் திருப்பிட்டா, சும்மா இருன்னு அர்த்தம். நான் என்ன எடுத்துக்கறப்போ இதான் பண்ணுவேன். வெலை அதிகம், அதனால யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் கேமராவைக் கையில் வாங்கி, "வெளிய எடுத்துகினு போலாமா?" என்றார். மேனேஜர் முகம் வெளிறிவிட்டது. கடைசியில் அவரும் கூடவே வருவது என்று முடிவாயிற்று. கேமராவோடு இவர், பின்னால் அண்ணி, அந்தப் பெண், மேனேஜர், நான் என்று ஊர்வலமாகப் போய் நடைபாதையில் நின்றோம். எதிரே பூந்தமல்லி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஷூட்டிங்கா? ஹீரோயின் யாரு?"

அண்ணி சட்டென்று திரும்பினார். "நான்தான்டா. ஹீரோ தான் கிடைக்கல, வர்றியா நைனா?"

அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அண்ணியும் சிரித்தார். அந்த நொடியில் இவர் படம் எடுத்துவிட்டார்.

அண்ணி கேமராவை இரண்டு கையாலும் வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிடிக்கவில்லை போல என்று எனக்குப் பயமாகிவிட்டது. மேனேஜர் கையைப் பிசைந்தார். இவரோ கலரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அண்ணி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா" என்றார் அண்ணி. "இது எங்கம்மாயா."

அண்ணியின் அம்மா நெமிலிச்சேரியில் நடவு நட்டு வாழ்ந்தவர். அண்ணிக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அம்மாவை யாரும் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. "கண்ணாடில பாக்கறப்ப பொட்டு நேரா கீதான்னு தான பாக்கறேன். சிரிச்சிகினே திரும்பினா நான் இப்டியா கீறேன்? மெய்யாலுமே எங்கம்மா இப்டித்தான் சிரிக்கும்" என்று என்னிடம் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைப்பெண் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு எடு" என்றார் அண்ணி.

எடுத்தார். "இன்னும் ஒண்ணு." எடுத்தார். அந்த ஆட்டோக்காரர் சவாரியை விட்டுவிட்டு, "இந்தப் பக்கம் திரும்புக்கா" என்று சொல்லிக்கொண்டு நின்றார். பிறகு மண்டப வெளிச்சத்துக்காக உள்ளே டியூப் லைட்டின் கீழேயும் எடுத்துப் பார்த்தோம். அவர் படத்தையும் அண்ணியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார். மேனேஜர் எதுவும் புரியாமல் பில் போட்டார்.

கல்யாணத்தில் அண்ணி மேடையை விட்டு இறங்கவே இல்லை. வாடகைக்கு வந்த போட்டோக்காரத் தம்பி தெரியாத்தனமாக, "ஆன்ட்டி, மூஞ்சிக்குக் கொஞ்சம் டச்சப் பண்ணிடலாம், ஆல்பத்துல நல்லா வரும்" என்று சொல்லிவிட்டார். "என் மூஞ்சில கை வெச்சே, சம்பந்திங்க கீறாங்கன்னுகூடப் பாக்க மாட்டேன்" என்று அண்ணி சொன்ன பிறகு அவர் சாப்பாட்டுப் பந்தியைத்தான் அதிகம் எடுத்தார். இவரோ பட்டுச் சட்டைப் பையிலிருந்து கேமராவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். தாரை வார்க்கும்போதாவது அதைக் கீழே வையுங்கள் என்று ஐயர் கெஞ்சிப் பார்த்தார்.

மகள் அந்தக் குட்டிக் கேமராவில் எடுத்ததை மட்டும் தனி ஆல்பமாகப் போட்டுக்கொண்டு மறுவீட்டுக்கு வந்தாள். நானும் போயிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அண்ணிதான். ஆரத்தித் தட்டோடு அண்ணி, சம்பந்தியம்மாவின் காதில் எதையோ சொல்லிச் சிரிக்கவைக்கும் அண்ணி, தாலி ஏறியபோது வாயைப் பொத்திக்கொண்டு அழும் அண்ணி. மகள் ஒவ்வொன்றிலும் அம்மாவின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"ஐயே, இதுல அப்பாவே இல்லியே" என்றாள்.

உண்மைதான். ஒரு படத்தில்கூட அவர் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் எப்படி இருப்பார்? அவர், "அதுக்கு இன்னா இப்ப, விடும்மா" என்று எழுந்து நழுவப் பார்த்தார். அண்ணி விடவில்லை. அலமாரியிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு, அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டருகே நிறுத்தினார். ஊரில் உள்ள எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தே காலம் கழித்த மனுஷனுக்குத் தன்னைப் பார்க்கிறார்கள் என்றதும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார், தொங்கவிட்டார்.

"எப்டிமே நிக்கணும்?"

"நின்னுகினு தான கீற. அப்டியே இரு." எடுத்துவிட்டார்.

அவருக்குப் பொறுக்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே கேட்டார். "இன்னா கலர்ல வந்துகீறேன்? சரியா கீதா?"

அண்ணி படத்தைப் பார்த்தார், நிமிர்ந்து அவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என் புருசன் கலர்ல தான்யா கீற" என்றார்.